பக்கத்து முக்காலி

மனிதன் இதுவரை செய்த பொருள்களிலேயே பொய் சொல்லத் தெரியாத பொருள் ஒன்றே ஒன்றுதான், அது கேமரா. தராசு பொய் சொல்லும். கடிகாரம் பொய் சொல்லும். ரேடியோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ராணுவ அரசாங்கத்தின் சாதனைகளைத் தினமும் காலையில் அதுதான் வாசிக்கிறது. கேமரா ஒன்றுதான் எதிரில் இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

இக்கிருன் ஊரில் 'உண்மையாளன் போட்டோ ஸ்டூடியோ'வின் முதலாளியும் ஒரே தொழிலாளியுமான லாடிப்போ, படம் பிடிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லுவான். சொல்லும்போது அவனுக்குப் பின்னால் ஒரு விமானம் நிற்கும். துணியில் வரைந்த விமானம். அதன் படிக்கட்டு தரையைத் தொடும் இடத்தில்தான் வாடிக்கையாளர் நிற்க வேண்டும். ஸ்டூடியோவுக்குச் சொந்தமான கறுப்புக் கோட்டு ஒன்று உண்டு. அதற்கு முதுகு கிடையாது, பின்னால் நாடா போட்டுக் கட்டிக்கொள்ளலாம். கைக்கடிகாரமும் உண்டு. அது வருஷம் முழுக்கப் பத்தே கால் காட்டும். படம் கழுவிய பிறகு முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் லாடிப்போ நெகட்டிவில் பென்சிலால் தடவி எடுத்துவிடுவான். இத்தனையும் முடிந்த பிறகு கேமரா உள்ளது உள்ளபடி சொல்லும்.

"இந்த ரூமுக்குள்ள பொய் சொல்லாத ஒரே சாமான் உன் கேமராதான். அதையும் சீக்கிரம் பழக்கிடுடா, பாவம், தனியா இருந்தா ஏங்கிப் போயிடும்" என்பார் சாபித்து. பக்கத்துக் கடைத் தையல்காரர். முதுகில்லாத கோட்டைத் தைத்தவரும் அவர்தான் என்பதால் அவருக்குப் பேச உரிமை இருந்தது.

"சிரிங்கண்ணே, சிரிங்க. சரித்திரம் தெரியாதவங்க சிரிக்கத்தான் செய்வாங்க" என்று லாடிப்போ கண்ணாடி அலமாரியைத் திறப்பான். திறந்தால் சரித்திரம் கேட்காமல் யாரும் தப்ப முடியாது.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு மரக் கேமரா. பித்தளை லென்ஸ், லென்ஸுக்கு ஒரு மூடி, நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகத் தோல். மிஷன் வீட்டைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரப் பாதிரி விட்டுப் போனது. அதற்கு மேல் தட்டில் கோடக் பிரவுனி. அட்டைப் பெட்டிதான், ஆனால் முதன்முதலில் அது ஒரு டாலருக்கு வந்தபோதுதான் சாதாரண ஜனங்கள் தங்கள் முகத்தைத் தாங்களே பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள் என்பான். அதற்கும் மேலே ஜெர்மன்காரன் செய்த ரோலைஃப்ளெக்ஸ், தோல் உரிந்து போய். எல்லாவற்றுக்கும் மேலே, அலமாரியில் இல்லாமல் அவன் கழுத்திலேயே, அன்றாடப் பிழைப்புக்கு உதவும் ஜப்பான் யாஷிகா மேட். முன்பக்கத்தில் மேலே ஒரு கண், கீழே ஒரு கண். தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். மேல் கண் பார்க்கும், கீழ்க் கண் பிடிக்கும். ஊரார் அந்தக் கேமராவை 'இரட்டைப் பிள்ளை' என்றுதான் சொல்வார்கள்.

சரித்திரத்தின் உச்சகட்டம் பாரிஸ் நகரத்து வீதி. "உலகத்துலயே முதல் முதலா மனுஷன் விழுந்த போட்டோ அது. பட்டப்பகல். குதிரை வண்டியும் ஜனமுமா நெரியற வீதி. ஆனா அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஒரு படம் புடிக்க ரொம்ப நேரம் ஆகும். நடந்தவன் எவனும் விழல. ஒருத்தன் மட்டும் ஓரமா நின்னு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தான். அவன் மட்டும் விழுந்தான். மீதி வீதி காலி."

"அப்ப அந்த ஜனமெல்லாம் எங்க போச்சு?" என்று யாராவது கேட்பார்கள்.

"ஆடாம நிக்கணும்னு சொல்றதுக்காகச் சொன்னேன். நீங்க ஆடாம நில்லுங்க" என்று சொல்லி லாடிப்போ குனிந்துகொள்வான்.

வடக்கேயிருந்து புழுதிக் காற்று அடிக்கிற மாதத்தில் ஒரு காலையில் இரட்டையம்மா வந்தாள். அசாபி என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் இரட்டை பெற்ற பிறகு ஒருத்திக்குச் சொந்தப் பெயர் எதற்கு? ஐந்து வயசுப் பெண்ணை உள்ளே விட்டாள். விட்ட பிறகும் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"ஈ வருது, கதவைச் சாத்துங்கம்மா. இன்னும் யாருக்குப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?" என்றான் லாடிப்போ.

அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்து, "ம், வந்தாச்சு" என்று சொல்லிச் சாத்தினாள்.

மழைக்காலக் கடைசியில் அம்மை வந்தபோது அவளுடைய பையன் போய்விட்டான் என்பது ஊருக்குத் தெரியும். இரட்டையில் முதலில் பிறந்தது டைவோ, பின்னால் பிறந்தது கெஹின்டே. எந்த வீட்டு இரட்டைக்கும் அதே பெயர்தான். ஆனால் பின்னால் வந்த கெஹின்டேதான் மூத்தவள். உலகம் எப்படியிருக்கு, போய்ப் பார்த்துட்டு வாடா என்று தம்பியை முன்னால் அனுப்பிவிட்டு நிதானமாக வந்தவள். இப்போது தம்பி அதே மாதிரி வேறு எங்கேயோ முன்னால் போயிருக்கிறான். கெஹின்டே எப்போது கிளம்புவாளோ என்பதுதான் அவள் அம்மாவின் பயம்.

"பாதிதான் திங்கறா தம்பி. எதைக் கொடுத்தாலும் பாதி. மீதியை அவனுக்குன்னு எடுத்து வெச்சுடறா. பாய்ல பாதி விட்டுட்டுப் படுக்கறா. ரெண்டு பேரும் சேர்ந்த மாதிரி ஒரு போட்டோ வீட்டுல மாட்டிட்டா, அவன் வீட்டுலதான் இருக்கான்னு இவ நம்பிடுவா. சாப்பிடுவா. ரெண்டும் உசுரோட இருந்தப்பவே எடுத்திருக்கணும். கூட்டிட்டு வரணும்னு நினைக்கறப்பல்லாம் ஒண்ணு மழை, இல்லாட்டி காய்ச்சல்."

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில செஞ்சு தருவாங்களே. இருக்கிற பிள்ளையை ஒரு படம் புடிச்சு, அதையே ரெண்டு தரம் பக்கத்துல பக்கத்துல அச்சுப் போட்டு."

"தந்தாங்க. ரெண்டும் கெஹின்டேவா இருந்துது. இவ பார்த்துட்டு, அவன் எங்கம்மான்னு கேட்டா."

"அப்ப பழைய வழக்கப்படி, போன இரட்டைக்குப் பதிலா மரத்துல ஒரு பொம்மை செதுக்கி வெச்சுக்குங்க."

"பாஸ்டர் திட்டுவார். போட்டோன்னா பாஸ்டர் ஒண்ணும் சொல்றதில்ல." அவள் துணி மூட்டையை அவிழ்த்தாள். ஒரே நீலத் துணியில் தைத்த ஒரு கவுன், ஒரு சட்டை. "உன் கேமரா பொய் சொல்லாதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. அதான் உன்கிட்ட வந்தேன். இவளை அவன் சட்டையைப் போட வெச்சு ஒரு தரம், இவளாவே ஒரு தரம், ரெண்டையும் ஒரே படத்துல. சரியா எடுத்துக் கொடு தம்பி."

தன் விளம்பரம் இப்படித் திரும்பி வந்து மடியில் உட்காரும் என்று லாடிப்போ எதிர்பார்க்கவில்லை. "பொய் சொல்லாதுன்னா என்னம்மா அர்த்தம்? இல்லாத ஆளைப் புடிக்காதுன்னு அர்த்தம். காத்தையா புடிக்கச் சொல்றீங்க?"

வாசலில் சாபித்து ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பார்க்க ஆள் இருந்தால் லாடிப்போவுக்கு நாக்கு நீளும். இரண்டு முக்காலிகளை விமானத்தின் எதிரில் பக்கத்தில் பக்கத்தில் போட்டான். இரண்டுக்கும் சிவப்பு மெத்தை. வலப்பக்க முக்காலியில் கெஹின்டேவைத் தூக்கி உட்கார வைத்தான். யாஷிகாவின் மேல் மூடியைத் திறந்து குனிந்தான்.

"சரி, நிரூபிச்சுடுவோம். டேய் டைவோ! வாடா இப்படி. ஏறி உக்காரு. ஆ, அப்படித்தான். ஆடாதே. மூக்கைத் துடை. அக்கா பக்கம் பார்க்காதே, கேமராவைப் பாரு. சிரி!"

சாபித்து ஊசியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். கெஹின்டே சிரிக்கவில்லை. பக்கத்து முக்காலியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு, இரண்டு முக்காலிக்கும் நடுவில் துருத்திக்கொண்டிருந்த தன் கவுன் நுனியை, யாரோ அதன்மேல் உட்கார்ந்துவிட்ட மாதிரி, மெல்ல இழுத்துக்கொண்டாள்.

லாடிப்போ விசையை அழுத்தினான்.

படத்தை வாங்க அசாபி வந்தபோதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். படத்தில் வலப்பக்கம் ஒரு பெண், இடப்பக்கம் ஒரு காலி முக்காலி, பின்னால் ஒரு விமானம். எல்லாம் கத்தி மாதிரி தெளிவு.

"பார்த்தீங்களா? எது இருந்துதோ அதுதான் வந்திருக்கு" என்றான் லாடிப்போ.

அவள் படத்தைத் தொடவில்லை. "நீ கூப்பிட்டே" என்றாள்.

"என்னது?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டே. ஏறி உக்காருன்னு சொன்னே. உக்காந்தான். அவனைப் படத்துல ஏத்தாம விட்டுட்டே." சண்டை போடுகிற குரல் இல்லை, கடையில் பாக்கிச் சில்லறை கேட்கிற குரல். "வீட்டுல இருந்தவனை இங்க இறக்கி வெச்சிட்டே தம்பி. ரெண்டு நாளா வீட்டுல அவன் இல்லேங்கறா இவ."

"இரட்டையம்மா, அது சும்மா தமாஷுக்கு..."

"அவனுக்கு அஞ்சு வயசு. அவனுக்குத் தமாஷ் என்ன தெரியும்?"

கெஹின்டே அதற்குள் முக்காலியருகே போயிருந்தாள். கையிலிருந்த காராமணி வடையைப் பிட்டு ஒரு பாதியைச் சிவப்பு மெத்தைமேல் வைத்தாள். அவளைத் தூக்கிக்கொண்டுதான் அசாபி போக வேண்டியிருந்தது.

அதற்கடுத்த வாரம் தலைமையாசிரியர் தன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னப்பா இது, நான் ஓரத்துல தொங்கறேன்? பக்கத்துல இருக்கிற காலி இடத்துக்கும் சேர்த்தா காசு வாங்கினே?"

அவர் சரியாக நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். லாடிப்போ பார்த்துத்தான் பிடித்தான். படத்தில் அவர் வலப்பக்கம் ஒதுங்கி, இடப்பக்கம் ஒரு முழு ஆள் இடம் விட்டு, முகத்தில் பஸ்ஸில் சகபயணிக்கு இடம் கொடுத்தவரின் கௌரவத்தோடு இருந்தார். மெக்காவுக்குப் போவதற்காகப் பாஸ்போர்ட் படம் எடுத்தவருக்கு ஒரு காது வெட்டுப்பட்டிருந்தது. "ஒத்தைக் காதோட என்னை ஏரோப்ளேன்ல ஏத்துவானாடா?" என்று அவர் பின்னால் நின்ற விமானத்தைக் காட்டிக் கேட்டார். புதுக் கல்யாண ஜோடி ஒன்றுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. பெண்ணின் மாமியார் மட்டும் அந்தப் படத்தை ரசித்தாள்.

சாபித்துவின் படமும் அப்படியே. "எனக்குப் பக்கத்துல யாருக்குடா இடம் போட்டு வெச்சிருக்கே? ரெண்டாவது பொண்டாட்டிக்கா? மொதல்ல சொல்லியிருந்தா நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்திருப்பேனே."

லாடிப்போ பக்கத்து நகரமான ஒசோக்போவுக்கு யாஷிகாவை எடுத்துப் போனான். பழுது பார்ப்பவர் இரண்டு கண்களையும் கழற்றித் துடைத்து மாட்டினார். "கேமராவுக்கு ஒரு குறையும் இல்ல. உன் கண்ணைக் காட்டிட்டுப் போறியா? அது வேற கடை."

யாஷிகாவை வைத்துவிட்டு ரோலைஃப்ளெக்ஸை இறக்கினான். ஜப்பான்காரன் சொன்னதையேதான் ஜெர்மன்காரனும் சொன்னான். பிரவுனியை எடுத்தான். ஒற்றைக் கண், அட்டைப் பெட்டி, உள்ளே குழப்பிக்கொள்ள எதுவுமே இல்லை. அதிலும் மனிதர்கள் வலப்பக்கம். சரித்திரத்தில் அவன் ஒவ்வொரு தட்டாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். காலி இடமும் கூடவே இறங்கியது.

அப்புறம்தான் கேமராவைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தான். கோழி வியாபாரி ஒருத்தி நடுவில் உட்கார்ந்திருந்தாள். "சிரிங்கம்மா" என்றான். விசையை அழுத்துவதற்குச் சற்று முன்னால் அவள் நகர்ந்தாள். லாரிப் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது யாரோ ஒரு குழந்தை இடுப்போரம் நுழைந்து ஏறினால் எப்படிப் பேச்சை நிறுத்தாமல் நகர்ந்து கொடுப்போமோ, அப்படி.

"ஏம்மா நகர்ந்தீங்க?"

"நான் எங்க நகர்ந்தேன்? குண்டா இருக்கேன்னு சொல்றியா?"

கேமரா பொய் சொல்லவில்லை. எதிரில் நடந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, யாரும் உட்காராத இரண்டு முக்காலிகளை மட்டும் பிடித்தான். கழுவிப் பார்த்தான். வலப்பக்க மெத்தை உப்பியிருந்தது. இடப்பக்க மெத்தையில் நடுவில் ஒரு குழி. பஞ்சு பழசு என்று தீர்மானித்து, போய்த் தட்டிச் சமன் செய்துவிட்டு மறுபடி பிடித்தான். பஞ்சு பழசாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது படத்திலும் பழசாகவே இருந்தது.

கெஹின்டே தினமும் வர ஆரம்பித்திருந்தாள். வீட்டிலிருந்து தப்பித்து வந்து ஸ்டூடியோ வாசற்படியின் வலது ஓரத்தில் உட்காருவாள். உள்ளே வர மாட்டாள். கதவு திறக்கும்போது முக்காலியைப் பார்ப்பாள். சாபித்துவின் மனைவி ஏதாவது தின்னக் கொடுப்பாள். சோளக் களியோ, வடையோ, கெஹின்டே பாதியை இடப்பக்கம் வைத்துவிட்டுப் பாதியைத் தின்பாள். இப்போது அந்தப் பாதியிலும் பாதிதான் வாய்க்குப் போயிற்று. மீதியை எதிர்வீட்டு ஆடு வந்து தின்றது. ஆடு மினுமினுவென்று ஆனது. கெஹின்டேவின் கவுன் தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது.

ஒருநாள் அசாபி அவளைத் தூக்கிப்போக வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆஸ்பத்திரியில காட்டினேன். வியாதி ஒண்ணும் இல்லையாம், சாப்பிட்டா சரியாயிடுமாம். அது எனக்குத் தெரியாதா? பாதி போச்சு, பாதி இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. இதுவும் கிளம்பிட்டா எனக்கு என்ன பேருன்னு நீயே சொல்லு."

லாடிப்போ அவசரமாகத் திரும்பினான். உள்ளே போய் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். கீழ்த்தட்டு ஒன்றுதான் பாக்கி. அதைப் பார்த்தபோது, எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்த பாரிஸ் வீதி அவனுக்கே முதல்முறையாகக் கேட்டது. நெரிசலான வீதி. அத்தனை பேரும் இருந்தார்கள். வீட்டில் யாரோ காத்திருக்க, கையில் ரொட்டியோடு, அவசர அவசரமாக நடந்துகொண்டு இருந்தார்கள். கேமரா மட்டும் வீதி காலி என்று சொல்லிவிட்டது. முதல் படத்திலேயே பொய். நின்றவனைத் தவிர வேறு யாருமே பிறக்கவில்லை என்ற மாதிரி.

"அப்ப அந்த ஜனமெல்லாம் எங்க போச்சு?" என்று சத்தமாகவே கேட்டுக்கொண்டான்.

வாசலுக்கு வந்தான். "இரட்டையம்மா, அந்தச் சட்டையையும் கவுனையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றான்.

மரக் கேமராவை அதன் மூன்று கால் ஸ்டாண்டில் ஏற்றுவதைச் சாபித்து பார்த்துவிட்டார். "என்னடா, பாதிரியார் சாமானை எடுத்துட்டே?"

"பழைய லென்ஸண்ணே. வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்றேன்."

சாபித்து, படியில் நீலத் துணி மூட்டையோடு நின்ற அசாபியைப் பார்த்தார், கெஹின்டேவைப் பார்த்தார். கேலிக்கு வேண்டிய எல்லாமே அங்கே தயாராக இருந்தது. "ஓ, டெஸ்ட்டா" என்றார். "அப்ப நானும் கொஞ்ச நேரம் மிஷினை மிதிக்காம டெஸ்ட் பண்றேன். செவுரு அதிரும்." பக்கத்துக் கடையில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான் லாடிப்போ. பின்பக்கக் கண்ணாடியில் உலகம் தலைகீழாக இருந்தது. விமானம் மல்லாந்து கிடந்தது. கெஹின்டே, நீலக் கவுனில், முக்காலியிலிருந்து தொங்கினாள். பக்கத்தில் காலி மெத்தையும் தொங்கியது. குழி விழுந்த மெத்தை. தலைகீழாகப் பார்த்தாலும் பஞ்சு பழசாகவே இருந்தது. அவன் துணிக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தான். அங்கேயே இருந்துவிட முடியாது என்பதால் வெளியே வந்தான்.

படம் பதிகிற கண்ணாடித் தகட்டின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து உள்ளே செருகினான். கெஹின்டே இருக்கும் பாதி மட்டும் இப்போது பதியும். மூடியைக் கழற்றினான். அவள் ஆடவில்லை, அதை அவளிடம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மூடினான்.

அட்டையை மற்றப் பாதிக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது அசாபி பிள்ளைக்குக் கவுனை அவிழ்த்துச் சட்டையை மாட்டினாள். இருவருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய முடி. சட்டை கச்சிதமாகப் பொருந்தியது. பிள்ளை தானாகவே போய் இடப்பக்க முக்காலியில் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் வலது காலை முன்னும் பின்னும் ஆட்ட ஆரம்பித்தது.

அசாபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவன்தான் அப்படி ஆட்டுவான். இவ ஆட்ட மாட்டா."

லாடிப்போ மூடியில் கை வைத்தபடி நின்றான். போன முறை இதே இடத்தில் சத்தமாகச் சொன்னதையெல்லாம் இப்போது சொல்ல வேண்டியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

"டைவோ" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "டைவோ, கொஞ்ச நேரம் ஆடாம இருடா கண்ணு. போன தடவை உன்னை நிக்க வெச்சிட்டேன். இந்தத் தடவை ஏத்திடறேன்."

கால் நின்றது.

பிறகு வலப்பக்க முக்காலியைப் பார்த்தான். அது இப்போது காலி. அதுதான் அவனுக்கு அதிக பயமாக இருந்தது. "கெஹின்டே, நீயும் எங்கயும் போயிடாதே. அங்கயே இரு. இதோ ஆச்சு."

மூடியைக் கழற்றினான். புழுதிக்குள்ளிருந்து வந்த வெளிச்சம் மங்கலாக இருந்தது, நேரம் எடுக்கும். பிள்ளை கேமராவைப் பார்த்தது. கேமரா பிள்ளையைப் பார்த்தது. லாடிப்போ இரண்டையும் பார்க்காமல் தன் விமானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருநாளும் அது அவ்வளவு புறப்படத் தயாராகத் தெரிந்ததில்லை. கடைசியில் மூடினான்.

பிள்ளை முக்காலியைவிட்டு இறங்கவில்லை.

"நீ கூப்பிடு தம்பி" என்றாள் அசாபி, மூச்சுவிடாமல். "நான் கூப்பிட்டா ரெண்டும் வரும். கெஹின்டேவைக் கூப்பிடு."

"கெஹின்டே."

சட்டைக்குள்ளிருந்த முகம் அவனையே பார்த்தது. யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள் என்ற மாதிரி.

"கெஹின்டே, வாம்மா. படம் முடிஞ்சுது. தம்பியை ஏத்தியாச்சு. நீ வா."

பிள்ளை மெல்ல இறங்கியது. நேரே அம்மாவிடம் வரவில்லை. வலப்பக்க முக்காலியில் ஏறி உட்கார்ந்தது. ஒரு மூச்சு நேரம் அங்கே இருந்தது. பிறகு அங்கிருந்து இறங்கி வந்தாள். "அம்மா, சட்டை இறுக்குது" என்றாள்.

மறுநாள் காலையில் லாடிப்போ இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே தாளை மருந்துத் தண்ணீர்த் தட்டில் ஆட்டினான். முதலில் வந்தது இடப்பக்கத்துப் பிள்ளை. அதன் சட்டை, கை, முகம், எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் வலப்பக்கத்துப் பெண் நிதானமாக வந்தாள். இரண்டாவது படத்தின்போது வெளிச்சம் இன்னும் மங்கியிருந்ததால் அப்படி என்று அவனுக்குத் தெரியும். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டான். பெண்ணின் இரு கால்களும் தெளிவாக இருந்தன. பையனின் வலது கால் மட்டும் பனி மாதிரிக் கலைந்திருந்தது, அது ஆடாமல் இருந்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தும். இரண்டு பாதியும் சேரும் கோட்டைப் பென்சிலால் தடவி மறைக்கப் போனான். கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அசாபி படத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். கெஹின்டே எம்பிப் பார்த்தாள். இடப்பக்க முகத்தில் விரல் வைத்தாள்.

"இதோ இருக்கான்" என்றாள். "எங்கம்மா மாட்டுவே?"

"உன் பாய்க்கு மேல."

"உயரமா மாட்டாதே. அவனுக்கு எட்டாது."

அசாபி மடியிலிருந்து ஒரு வடையை எடுத்து, பழக்கத்தில் இரண்டாகப் பிட்டாள். கெஹின்டே ஒரு பாதியைத் தின்றாள். மறுபாதியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள். வாசலில் ஆடு கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. கெஹின்டே மறுபாதியையும் வாயில் போட்டுக்கொண்டாள். ஆடு நம்பாமல் பார்த்தது.

"வாயை மூடி மெல்லுடி" என்று சொல்லும்போதே அசாபிக்குக் குரல் உடைந்துவிட்டது.

லாடிப்போ எழுந்துபோய் அவர்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். படத்தை மாரோடு அணைத்துக்கொண்டு அசாபி படியிறங்கினாள். அவள் பின்னால் கெஹின்டே, கன்னம் உப்ப மென்றுகொண்டு.

"ஏன்டா, என் படத்தை மறுபடி எப்ப எடுக்கப் போறே?" என்று பக்கத்துக் கடையிலிருந்து சாபித்து குரல் கொடுத்தார். "கதவைச் சாத்து, ஈ வருது பாரு."

"சாத்தறேண்ணே" என்றான் லாடிப்போ.

ஈ வந்தது. அவன் கதவைப் பிடித்தபடியே, ஒரு சின்னப் பிள்ளை நிலைப்படி தாண்டிப் போகிற நேரம் மட்டும், ஓரமாக ஒதுங்கி நின்றான். பிறகுதான் சாத்தினான்.